முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சவுரிராயன் எழுத்துக் கூட்டப் பழகியது நாற்பத்தாறாவது வயதில். திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் நாளுக்கு நாலு பக்கம் ஓடும். வாசலில் டீக்கடை வைத்திருந்த ஷாகுல் ஹமீது பாய் முதலில் படித்து முடிப்பார். அப்புறம்தான் புத்தகம் சவுரி கைக்கு வரும். ஒரே ஒரு கட்டுப்பாடு. சவுரி எந்தப் பக்கத்தில் நிற்கிறானோ அதைத் தாண்டிப் பாய் வாய் திறக்கக்கூடாது.

பாய்க்குப் பிடித்தது மாயக்கதை. சவுரிக்கு ராஜா கதை.

“கடலுக்கடியில ஊராம், மீனு மேல ஏறிக்கினு கச்சேரிக்குப் போறானாம். இன்னா பாய் இதெல்லாம்?”

“உன் ராஜா மட்டும் ஒரே ராத்திரியில மதுரைக்குப் போய்ட்டு வர்றான். குதிரை இன்னா டீசல்லயாடா ஓடுது?”

தலையணை கனத்தில் ஒரு சோழர் கதை. சவுரி அதில் நூற்றறுபதாம் பக்கத்தில் இருந்தபோது பாய் படுத்துவிட்டார். ஈரல். வாரம் தாங்காது என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி சபியா பீவி போனில் சொன்னாள்.

இன்னும் நானூறு பக்கம். பாயோடு முடிவைப் பேசாமலே போய்விடுமே என்றுதான் சவுரிக்கு மனசு அடித்துக்கொண்டது. பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது, நடுவை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். விழுப்புரம் வருவதற்குள் அந்த ஒரு பக்கத்தை முடித்தான்.

“முடிச்சிட்டியா?” என்றார் பாய். குரல் பாதிதான் வந்தது.

“முடிச்சிட்டேன் பாய்.”

“அப்ப பேசலாம். சொல்லு.”

“குதிரைக்காரன் மாறப்பன் கடேசியில கோட்டைக்குள்ள வர்றான் பாரு, அங்கதான் பாய் எனக்கு உசுரே வந்துச்சி. அவ்ளோ சண்டையிலயும் பொழைச்சி வந்துட்டான்ல?”

பாய் தலையணையில் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாண்டா,” என்றார். “பொழைச்சிட்டான்.” பிறகு அவன் கையைப் பிடித்து, “அடுத்து அந்த மீனு கதையைப் படி. மொள்ள படி. ஜல்தி வேணாம்,” என்றார்.

வெள்ளிக்கிழமை பாயின் ஊரான கோட்டக்குப்பத்தில் அடக்கம். சவுரியும் மூன்று பிடி மண் போட்டான்.

விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான். நாலு நாலு பக்கமாக முப்பத்தெட்டு நாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் மாறப்பன் மார்பில் வேல் பாய்ந்து செத்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என் பேரையே வையுங்கள் என்று சொல்லிவிட்டுச் செத்தான். கடைசிப் பக்கத்தில் கோட்டைக்குள் வந்தவன் மகன். பக்கத்தின் ஓரத்தில் வட்டமாக டீக்கறை. பாயும் இந்த இடத்தில் கிளாஸை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

லாரி வந்து நின்றது. கூட மூட்டை தூக்கும் சீனுவாசன் எட்டிப் பார்த்தான்.

“இன்னாப்பா, கண்ணெல்லாம் கலங்கிக்கினு? யாராச்சும் செத்துட்டாங்களா?”

“குதிரைக்காரன் செத்துட்டான்,” என்றான் சவுரி.

பக்கத்தைத் திருப்பாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மூட்டைக்கு முதுகு கொடுத்தான்.