லூதோ வேண்டுமென்றே கோட்டைவிட்ட பரீட்சை

துலூஸ் நகரத்து டாக்டர் ஐந்து வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். லூதோவுக்கு இரண்டுதான் வந்தது. மற்றதற்கு அசடு வழிந்தான். பிரான்ஸ் ரக்பி அணியில், எதிராளியோடு தோளும் தலையும் முட்டித் தள்ளும் முன்வரிசைக்காரனாக ஆடியவன். ஐம்பதுகூட ஆகவில்லை, கடைக்குப் போனால் வீட்டுக்கு வழி தெரிவதில்லை.

அவன் மனைவி மகாலிக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஆட்டத்தில் அடிபட்டு மூளை கெட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் அவனுக்கு ஓர் இடம். அதற்கு இந்த டாக்டர், ஆட்டத்தால்தான் இப்படி ஆனது என்று சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிறவள் அடுப்பையும் அவனையும் எத்தனை நாள் காவல் காப்பாள்?

டாக்டர் கணினியைப் பார்த்தார். "அவர் ஆடின காலத்துல, சீசன் ஆரம்பத்துல எடுத்த ஞாபகப் பரீட்சையிலயும் ரெண்டு வார்த்தைதான் சொல்லியிருக்கார், மேடம். அப்பவும் இப்படித்தான் இருந்திருக்கார். ஆட்டத்தால கெட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

மகாலி அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"அது வேணும்னே கோட்டைவிட்டது, டாக்டர். முதல்லயே தப்புத் தப்பா சொல்லி வச்சா, பின்னால மண்டையில அடிபட்டு மறுபடி சோதிச்சாலும் 'பழைய மாதிரிதானே இருக்கான்'னு மைதானத்துக்கு அனுப்பிடுவாங்க. வாத்துக்கறி தின்னுக்கிட்டே சொல்லிச் சிரிச்சார்."

அன்றைக்கு அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். நாடே கொண்டாடும் ஆட்டக்காரன், என்ன கெட்டிக்காரத்தனம் என்று பெருமை வேறு.

டாக்டர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. லூதோ பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. வேணும்னே தப்பா சொன்னீங்களா? ஆமான்னா அதையே எழுதறேன்."

மகாலி அவன் கையைப் பிடித்தாள். "சொல்லேன் லூதோ. முட்டாளா நடிச்சா சீசன் முழுக்க ஆடலாம்னு நீதானே சொன்னே?"

ஆட்டத்தில் நசுங்கிப்போன அவன் காதுகள் சிவந்தன. கையை உதறிக்கொண்டு, தேசிய கீதத்துக்கு நிற்பவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்ன பேசறே மகாலி? நான் பிரான்ஸுக்கு ஆடினவன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரை ஏமாத்தினதில்ல. எங்க ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க, டாக்டர்."

ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. டாக்டர் பேனாவைத் தொடவில்லை.

மகாலிக்கு அவனைத் திட்டக்கூட வழியில்லை. பொய் சொல்கிறவனைத் திட்டலாம். இவன் மனசாரச் சொல்கிறான்.