மஞ்சள் பட்ட டாலர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த நாணயமாற்றுக் கடையைக் கண்டாலும் பலகையில் உள்ள ரேட்டைப் படிக்காமல் தாண்ட மாட்டேன். எல்லை தாண்டி ஜோகூருக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டு வருவதற்குக்கூட நாலு கடை ஏறி இறங்கித்தான் அந்த ஊர் ரிங்கிட் மாற்றுவேன். "மிச்சம் பிடிச்சது டாக்சிக்குப் போச்சு, ஜெய்" என்பாள் என் மனைவி இனியா. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்படிப்பட்ட என் கையில் வந்து மாட்டினார் மாமனார். மறுநாள் எங்கள் பாப்பாவுக்கு முப்பதாம் நாள். தெம்பனிஸில் எங்கள் வீட்டில் விருந்து. அத்தை பிரசவத்துக்கே வந்துவிட்டார். முத்துசாமி மாமா அன்றுதான் திருச்சியிலிருந்து அமெரிக்க டாலரோடு வந்து இறங்கினார். பேத்தி கையில் அவர் காசில் ஒரு தங்கக் காப்பு ஏற வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக் காசு அதில் ஒரு சல்லிகூடக் கலக்கக் கூடாது. இறங்கியதும் அவர் சொன்ன முதல் பேச்சே அதுதான்.

அது எனக்கு விட்ட குத்து. வரதட்சணை வேண்டாம் என்ற வீறாப்பில், "உங்க வீட்டிலேர்ந்து ஒரு நூல்கூட வாங்க மாட்டேன்" என்று கல்யாணப் பட்டு வேட்டியையே திருப்பிக் கொடுத்தவன் நான். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். அவருக்குத்தான் ஆறவில்லை.

விமான நிலையத்திலேயே மாற்றப் பாய்ந்தவரை இழுத்துப் பிடித்தேன். "அவசரப்படாதீங்க மாமா. சிராங்கூன் ரோட்டுல வரிசையா கடை இருக்கு. நாலு இடத்துல கேட்டு மாத்தலாம்லா."

முதலில் நகைக்கடையில் காப்பைப் பார்த்து விலை கேட்டுக்கொண்டோம். கைப்பேசியில் கணக்குப் போட்டேன். பலகையில் போட்டிருந்த ரேட் கிடைத்தால் கச்சிதமாக வரும். என் திறமையை நானே மெச்சியபடி முதல் நாணயமாற்றுக் கடைக்குள் நுழைந்தேன். மாமா பையிலிருந்து நோட்டுகளை எடுத்து வைத்தார்.

ஒவ்வொரு நோட்டிலும் நான்கு மூலைக்கும் மஞ்சள், குங்குமம். போதாக்குறைக்கு, நோட்டில் இருந்த அமெரிக்கப் பெரியவரின் நெற்றியிலும் ஒரு பொட்டு.

"மாமா, என்ன இது?"

"சமயபுரத்தா காலடியில வச்சு எடுத்தது மாப்பிள்ளை. கடல் தாண்டிப் போற காசு இல்லையா? நானே பொட்டு வச்சேன்."

கடைக்காரர் நோட்டுகளை விரல் நுனியால் திருப்பித் தள்ளினார். கறை பட்ட டாலரை அவர் எடுப்பதில்லையாம். அடுத்த கடையில் எடுத்தார்கள், ஆனால் ரேட்டைக் குறைத்தார்கள். அதற்கடுத்த கடையில் இன்னும் குறைத்தார்கள். என் பேரம் எதுவும் எடுபடவில்லை. அந்த ரேட்டுக்குக் காப்பு வராது, மெல்லிசாக ஒரு மோதிரம்தான் வரும்.

"சாமி காசுக்குப் போய் குறைக்கிறானுங்களே" என்றார் மாமா. பூக்கடை ஓரமாகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. குறைவதை நான் போடுகிறேன் என்றால் அடுத்த விமானத்திலேயே ஏறிவிடுவார்.

"இங்கயே இருங்க. இன்னொரு கடையில கேட்டுட்டு வரேன்."

அந்தக் கடையில் இருந்தவர் முனீரா அக்கா. நான் வழக்கமாக ரிங்கிட் மாற்றுவது அவரிடம்தான். "அக்கா, அவர்கிட்ட போர்டு ரேட்டையே சொல்லுங்க. குறையறதை நான் இப்பவே உங்களுக்கு அனுப்பிடறேன்" என்று கைப்பேசியைக் காட்டினேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மாமனாரா? குடுத்துவச்சவர்லா!"

மாமாவுக்கு முழு ரேட் கிடைத்தது. "பாத்தீங்களா! ஆத்தா காசுக்கு யாரு குறைப்பா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அதே சூட்டில் காப்பையும் வாங்கினோம். மாற்றிய பணத்தில் கடைசிச் சில்லறை வரை போட்டுத்தான் விலையைக் கட்ட முடிந்தது. பாப்பாவின் கையை நினைத்து அதைத் தன் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்துக்கு நான் அனுப்பிய காசு தூசு.

குடிக்கத் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பையைக் காலி பண்ணக் கூடாதுன்னு ஒரு நோட்டைத் தனியா வச்சிருந்தேன். நல்ல ரேட்டாச்சே, அதையும் மாத்திடலாம்னு அந்தப் பொண்ணுகிட்ட போனேன். 'அந்த ரேட் வேணும்னா உங்க மாப்பிள்ளையும் கூட வரணும் அப்பா'ங்குது."

"மாமா, அது வந்து..."

"காப்பைத் திருப்பிக் குடுத்துரட்டா?"

"ஐயோ, வேணாம் மாமா!"

"அப்ப இதைப் பிடிங்க."

பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே பட்டு வேட்டி.

"குறைச்ச ரேட்டுல மாத்துனது. முழுக்க என் காசு. ஒரு நூல்கூட வாங்க மாட்டேன்னீங்களே, இதுல எத்தனை நூலு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்கும் முடியவில்லை. நடுத்தெருவில் இரண்டு பேரும் சிரித்தோம். வேட்டியை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். சொன்னால் வெட்கம், கண் கொஞ்சம் கலங்கியது.

மறுநாள் காலையில் பாப்பா கையில் காப்பு ஏறியது. அத்தை மஞ்சள் கிண்ணத்தோடு என்னிடம் வந்தார். நான் கட்ட எடுத்த புது வேட்டியின் ஒரு மூலையைப் பிடித்து மஞ்சள் தடவினார். பாப்பாவை மடியில் வைத்திருந்த மாமா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கறை பட்டுப் போச்சே மாப்பிள்ளை. ரேட் குறையுமோ?"

மற்ற மூன்று மூலைகளையும் நானே எடுத்து அத்தையிடம் நீட்டினேன்.