நாலாவது அட்டை

அந்த வீடியோவை எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். முப்பத்தெட்டு விநாடி. கனடாவில் சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் ஒரு மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். பட்டுச் சேலைக்கு மேல் யாருடையதோ ஜக்கெட்டைப் போட்டுக்கொண்ட பெண்கள், கோட் எடுக்காமல் ஓடிவந்து கைகளைக் கக்கத்துக்குள் வைத்துத் துள்ளுகிற ஆண்கள். அவர்களுக்கு நடுவே என் அம்மா ஒரு தட்டோடு வரிசையாக நடந்து, ஒவ்வொருவர் நெற்றியிலும் எதையோ வைத்துக்கொண்டு போகிறார். எடுத்தது றெக்ஸ் அண்ணை. கீழே, "மேஜர் அம்மன் அருள் பாலிக்கிறா" என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே நாற்பது சிரிக்கிற முகங்கள். இருபத்தொன்பதாவது விநாடியில் அம்மா என்னிடம் வருவார். நான் அந்த இடத்தில் நிறுத்துவேன். பிறகு முதலில் இருந்து ஓடவிடுவேன். இப்போது இரவு ஒன்றே முக்கால், நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிறது, நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அம்மா கனடிய ராணுவத்தில் தாதி. மேஜர் சிவமலர். இருபத்துநாலு வருடம். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் ராணுவத்தில் சேரப்போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் மூன்று நாள் ஒருவரும் அவரோடு கதைக்கவில்லையாம். எங்கள் ஆட்களுக்கு 'ஆமி' என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது: ஊரில் எங்களைச் சுட்ட ராணுவம். இப்போதும் அம்மா சீருடையோடு எங்காவது வந்தால் அருமைராசா மாமா எழும்பி நின்று, "ஆமிக்காரி வாறா, எல்லாரும் ஐடென்டிக் காட்டைக் கையில வைச்சுக்கொள்ளுங்கோ" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். ஆனால் சிரிக்கும்போது அவருடைய கை தானாகக் கைப்பையின் ஸிப்பைத் தேடுவதை நான் இரண்டு தடவை கண்டிருக்கிறேன்.

ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு தடவை போனார். ஹெய்ட்டியில் நிலம் நடுங்கியபோது போனார். கொரோனா வந்த வருடம் ராணுவம் இங்கேயே முதியோர் இல்லங்களுக்கு ஆள் அனுப்பியது. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா வேலையால் வந்து வெளிப்படிக்கட்டில் நின்றபடியே சப்பாத்தைக் கழற்றி, என்னைத் தொடாமல் நேரே குளிக்கப் போவார். தண்ணீர் நெடுநேரம் ஓடும். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் எதையும் சொல்கிற ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அட்டைகள்தான். அம்மா இளம் தாதிகளுக்கு வகுப்பு எடுக்கிறார். ஒரே நேரத்தில் முப்பது காயக்காரர் வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்பது பாடம். போன வருடம் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து அதற்கு நான்தான் அட்டை வெட்டிக்கொடுத்தேன். சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் நடந்து திரியக்கூடியவர்கள். நாலாவது, உயிர் இருக்கிறது, ஆனால் காப்பாற்ற முடியாது. அது கறுப்பாக இருக்கவேண்டும். என்னிடம் கறுப்புக் கடதாசி முடிந்துவிட்டதால் சாம்பல் நிறத்தில் வெட்டினேன். "அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று அம்மா எடுத்துக்கொண்டுபோய், வருடம் முழுக்க அதை வைத்தே பாடம் நடத்தினார்.

"நாலாவது அட்டைக்காரரை என்ன செய்யிறது?" என்று அன்று கேட்டேன்.

"மறைப்புக்கு அங்கால கொண்டுபோய் விடுறது. நோவுக்கு மருந்து குடுக்கலாம். ஒராள் பக்கத்தில இருந்து கையைப் பிடிச்சுக்கொள்ள வேணும். தனியச் சாக விடக்கூடாது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கி, கோணலாக இருந்த ஓர் ஓரத்தை நேராக்கினார்.

போன சனிக்கிழமை அருமைராசா மாமாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். மத்தியானச் சாப்பாடு. என்னை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கையில் தட்டு, தட்டில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. மாமா கோயில் நிர்வாகத்தில் இருப்பதால் திருநீறும் இருந்தது. வெள்ளை ஹாஃப் சாறி உடுத்திருந்தேன். அம்மா காலையில் வேலையால் வந்து, நித்திரை கொள்ளாமல் அப்படியே சேலையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். மாமா உள்ளே வரும்போது இரண்டு பக்கமும் பூவாணம் மாதிரிப் பொறி பறக்கவேண்டும் என்று றெக்ஸ் அண்ணை ஏற்பாடு செய்திருந்தார். பொறி பறந்தது. மேடைத் திரையில் பிடித்தது. யாரோ கத்தினார்கள். பிறகு பெரிய ஸ்பீக்கர் ஒன்று படாரென்று வெடித்து விளக்கெல்லாம் அணைந்தது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரை எரிந்தது, புகை வந்தது, எல்லாரும் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். நானும் தட்டை வைக்கத் தோன்றாமல் அதைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். கதவில் யாரோ இடிக்க, குங்குமச் சிமிழ் கவிழ்ந்து என் நெஞ்சிலிருந்து இடுப்புவரை கொட்டிவிட்டது.

வெளியே அம்மா என் கையிலிருந்து தட்டை வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசையின் அந்தத் தலைப்பில் தொடங்கினார். ஒருவருடைய கழுத்தில் இரண்டு விரல், கண்ணுக்குள் ஒரு பார்வை, நெற்றியில் ஒரு பொட்டு, அடுத்த ஆள். வினோஜா அக்காவுக்குச் சந்தனம். ஆஸ்துமாக்கார அக்னெஸ் அன்ரிக்குச் சிமிழில் மிச்சமிருந்த குங்குமம். மாமாவுக்குச் சந்தனம். "பாருங்கோவன், தப்பினதுக்குக் கையோட பூசையும் நடக்குது" என்று மாமா சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு யாராவது நெற்றியை நோக்கி விரலைக் கொண்டுவந்தால் தலை தானாகக் குனிந்துவிடும், ஏன் என்று கேட்கத் தெரியாது. நாலாவது ஆளிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சிவப்பு, மஞ்சள். மஞ்சள், மஞ்சள், சிவப்பு. பச்சைக்குத் தட்டில் ஒன்றும் இல்லை.

இருபத்தொன்பதாவது விநாடி. அம்மா என் சாறியைப் பார்க்கிறார். கழுத்தில் விரல் வைக்கிறார். தட்டைப் பார்க்கிறார். பிறகு சாம்பல் நிறத் திருநீற்றில் மூன்று விரலைத் தோய்த்து என் நெற்றியில் பூசுகிறார். வீடியோவில் பார்த்தால் ஒரு தாய் பிள்ளைக்குத் திருநீறு பூசுகிறாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தது வீடியோவில் இல்லை. அம்மா என்னை அங்கே நின்ற இரண்டு வான் வண்டிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டுபோய், ஒன்றின் படியில் இருத்தி, தன் சால்வையை என் காலில் சுற்றினார். என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். இவ்வளவு மெதுவாக அவர் கதைத்து நான் கேட்டதே இல்லை. "இனி நோகாது. பயப்பிடாதை. நான் இஞ்சதான் இருக்கிறன், ஒரு இடமும் போகமாட்டன்."

"அம்மா, எனக்கு ஒண்டுமில்லை. அது குங்குமம்."

"ஓம் ராசா," என்றார். என்னை அவர் ராசா என்று கூப்பிடுவதில்லை.

தீயணைப்புக்காரர் வந்து, பார்த்து, உள்ளே போகலாம் என்றார்கள். பிரியாணி ஆறுகிறது என்று மாமா கத்துவது கேட்டது. அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். "இருபத்தாறு நிமிசம்." பிறகு என்னைப் பார்த்தார். "இன்னும் இருக்கிறாய்." அதில் சந்தோசம் இல்லை. தான் எங்கேயோ பிழை விட்டுவிட்டதைக் கண்டுபிடித்தவரைப்போலச் சொன்னார். தன் சேலைத் தலைப்பால் என் நெற்றியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். கார்ட்டியர்வில்லுக்குத் திரும்பும் சிவப்பு விளக்கில் அவரே தொடங்கினார்.

"உன்ர வயசுதான் இருக்கும். ஆப்கானிஸ்தான் பெடியன். கட்டில் ரெண்டுதான் மிச்சம், ஆக்கள் அஞ்சு பேர். நான்தான் அவனை நாலாவது பக்கம் விட்டன்."

"பிறகு?"

"அவனுக்கு இங்கிலிஷும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. தமிழிலயே கதைச்சுக்கொண்டிருந்தன்." விளக்கு பச்சையானது, அவர் காரை எடுக்கவில்லை. "ஆறு மணித்தியாலம் இருந்தவன், நிருஷா. நாலாவது அட்டைக்காரர் ஆறு மணித்தியாலம் இருக்கமாட்டினம்."

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

வருகிற மாதம் அம்மா லாத்வியாவுக்குப் போகவேண்டும். போர் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை, வந்தால் என்று ஒரு கூடார ஆஸ்பத்திரி போடுகிறார்கள். அதற்கு அம்மாதான் பொறுப்பு. பத்து வருடமாக இதற்காகக் காத்திருந்தவர். "ஒரு ஆஸ்பத்திரியையே என்ர கையில தாறாங்கள்" என்று அவர் சொன்ன அன்று சமையலறையில் தனியே நின்று ஆடியதைக் கண்டேன். அனுப்புவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களையும் கேட்பது வழக்கமாம். எலிசா என்ற சமூகசேவகி இன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு எனக்குப் போன் எடுத்தார்.

"என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லு," என்றார் அம்மா, அதற்குச் சற்று முன். சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டு, தலை நிமிராமல். "பார்ட்டியில நடந்தது... அது எங்கட ஆக்களின்ர வழக்கம். அவைக்கு விளங்கப்படுத்த ஏலாது." பிறகு நான் கதைப்பது கேட்கக்கூடாது என்று வெளியே போய்ப் படிக்கட்டில் பனி வழிக்கத் தொடங்கினார்.

எலிசாவுக்கு நல்ல குரல். அம்மா ஒழுங்காக நித்திரை கொள்கிறாரா? கோபப்படுகிறாரா? வீட்டில் எதற்காவது உனக்குப் பயமா? நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன். கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நின்றேன். வெளியே மண்வெட்டிச் சத்தமும் நின்றது.

"இல்லை," என்றேன். "எல்லாம் நல்லபடி இருக்கிறது."

மண்வெட்டி மறுபடி தொடங்கியது. எலிசா தன் இலக்கத்தைத் தந்தார். ஏதாவது நினைவு வந்தால் எந்த நேரமும் எடுக்கலாம், இரவில் இயந்திரம் பதிவுசெய்யும், காலை எட்டு மணிக்குக் கேட்டுவிட்டுத்தான் அம்மா போகலாம் என்று கையெழுத்து வைப்பேன் என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா இடியப்பமும் சொதியும் வைத்திருந்தார். கிழமை நாளில் அவர் இடியப்பம் பிழிவதில்லை.

"என்ன கேட்டவ?"

"நித்திரை கொள்ளுறீங்களோ எண்டு."

"என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன்."

என் தட்டில் இன்னொரு கரண்டி சொதி விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சொன்னால் அம்மாவின் இருபத்துநாலு வருடத்தை ஒரு போனில் முடித்துவைத்தவள் ஆவேன். அவர் என்னை அடிக்கமாட்டார், ஏசமாட்டார். காலையில் எழும்பிச் சீருடையை மடித்து வைப்பார், அவ்வளவுதான், அதை நான் பார்க்கவேண்டும். சொல்லாவிட்டால் எங்கேயோ ஒரு கூடாரத்தில் ஒரு பையன் வரிசையில் கிடப்பான். அம்மா அவனுடைய கழுத்தில் விரல் வைப்பார். அவன் இன்னும் காயப்படவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான், அவனுக்கும் கணக்குப் பரீட்சை இருக்கலாம். அவனுக்கு என்னைத் தெரியாது. எனக்குத்தான் அவனைத் தெரிகிறது, இரண்டு இரவாக.

அம்மா சோபாவில் நித்திரையாகிவிட்டார். தேய்த்த சீருடை கதிரையின் முதுகில் தொங்குகிறது. நான் பக்கத்தில் நிலத்தில் இருக்கிறேன். வீடியோவை மூடிவிட்டு எலிசாவின் இலக்கத்தை அழுத்தினேன். அவருடைய குரல், முதலில் பிரெஞ்சில், பிறகு இங்கிலிஷில். பிறகு பதிவு தொடங்குகிற 'பீப்' சத்தம். நான் மூச்சை இழுத்தேன்.

சோபாவிலிருந்து தொங்கிய கை அசைந்தது. கண் திறக்காமலே, இருட்டில் தடவி, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். பெருவிரல் கீழே, இரண்டு விரல் மேலே, சரியாக நாடி ஓடுகிற இடத்தில். உதடுகள் மெல்ல அசைகின்றன. எண்ணுகிறார். பதினொன்று, பன்னிரண்டு. மற்றக் கையில் போன் வெளிச்சமாக இருக்கிறது, அதிலும் விநாடிகள் ஓடுகின்றன. நான் கையை இழுக்கவில்லை. பத்தொன்பது, இருபது. அவர் எண்ணி முடிக்கட்டும் என்று, வாயைத் திறந்தபடி இருக்கிறேன்.