படலை மட்டும்

கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கைக்கு வருகிற கரண்ட் நல்ல கரண்ட்தான். ஆனால் அந்த லைனின் வால் நாங்கள். முன்னால் இருக்கிற இருநூறு வீடும் ஆசைதீரக் குடித்து வாய் கொப்பளித்த மிச்சம்தான் எங்களுக்கு வரும். பின்னேரத்தில் மின்விசிறியைப் போட்டால் அதன் இறகில் ஒரு காகம் வந்திருந்து கூடு கட்டி முட்டையும் இட்டுவிடும். குஞ்சு பொரித்ததை நான் காணவில்லை. காணாததைச் சொல்லுகிற பழக்கம் எனக்கில்லை.

முப்பத்துநாலு வருடம் கம்பத்தில் ஏறி இறங்கின உத்தியோகம் என்னுடையது. ஓய்வு எடுத்தபிறகு ஆறு மாதம் வீட்டில் இருந்து பார்த்தேன். "ஒண்டில் உவர் வெளிக்கிடோணும், இல்லாட்டி நான் வெளிக்கிடுறன்" என்று மனைவி சந்நிதிக் கோயிலில் நேர்த்தி வைத்ததாகக் கேள்வி. அதனால் பிரவீணனோடு சேர்ந்தேன். பிரவீணனுக்கு நாற்பது வயது. ஸ்பீக்கர், கமரா, பெரிய ரீவி எல்லாம் வைத்து நேரலை செய்கிறவன். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு மூன்றையும் உலகம் முழுக்கக் காட்டுவான். இங்கே இப்போது ஒரு சாவு விழுந்தால் அழுகிறவர்களில் பாதிப்பேர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் அழுகிறார்கள்.

அவனுடைய சாமான்கள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. கரண்ட் கொஞ்சம் குறைந்தாலும் கோபம், கூடினாலும் கோபம். அவற்றுக்குக் கரண்டைச் சமைத்துப் பரிமாறுவதுதான் என் வேலை. முதலில் ஸ்ரபிளைசர், ஏறி இறங்குகிறதை நேராக்கும். அடுத்தது யூபிஎஸ், கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு தகரத்தால் செய்த, மூடி போட்ட ஒரு சாமான். உள்ளே பிறேக்கர்கள், பன்னிரண்டு பிளக் துவாரங்கள். ஸ்பீக்கருக்கு ஒரு வரிசை, கமராவுக்கு ஒரு வரிசை. அதற்குக் கொம்பனிக்காரர் வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பெட்டி என்போம்.

மாசிமாதம் ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் நாகேஸ்வரி செத்துப்போனா. கடல்தொழில் குடும்பம். மகன் ஜெயதீபன் காலமை பிரவீணனைத் தேடி வந்தபோது நானும் அங்கே வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"கமரா எப்பிடி எண்டாலும் பரவாயில்லை அண்ணை. சத்தம் வடிவாக் கேக்கோணும். தங்கச்சி கதைக்கப்போறா."

"ஆரோடை?" என்றேன் நான்.

"அம்மாவோடை."

எனக்கு விளங்கிவிட்டது. ஒழுங்கைக்கே தெரிந்த கதை. மகள் கஜானி பதினொரு வருடத்துக்கு முன்னர் நோர்வேக்குப் போனவள். போய் அடுத்த வருடமே தானாக ஒருவனைப் பார்த்துக் கலியாணம் எழுதிவிட்டாள். நாகேஸ்வரி அன்றைக்கு வைத்த போனைப் பிறகு எடுக்கவில்லை. கஜானி தன் தமையன் ஜெயதீபனோடு மட்டும் கிழமைக்கு ஒருதரம் கதைப்பாள். அகதி அட்டையில் இருக்கிறவள், ஊருக்கு வந்தால் திரும்பிப் போகமுடியாது. அங்கே கணவனும் இரண்டு குழந்தைகளும்.

"பெட்டி மூடமுந்தி ரெண்டு வார்த்தை அம்மாவின்ரை காதிலை விழோணுமாம்" என்றான் ஜெயதீபன். "வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"விழும்" என்றேன். "நான் போடுற கரண்டிலை அவள் மூச்சு விட்டாலே பண்ணைப் பாலம் மட்டும் கேக்கும்."

அந்த நேரத்தில் அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வேறு என்ன சொல்லுகிறதென்று தெரியவில்லை.

அடுத்தநாள் கிரியை. விடியவே போய் முற்றத்தில் பந்தலுக்குப் பக்கமாகப் பெட்டியை வைத்தேன். முதலில் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல், ஆயிரம் வண்டு சேர்ந்து தேவாரம் படிக்கிற மாதிரி. எர்த் சரியில்லை. கிணற்றடி ஈரத்தில் செப்புக் கம்பியை இறுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, வயரை மாற்றிக் கட்டினேன். இரைச்சல் செத்தது. பிரவீணன் மைக்கில் விரலால் தட்டினான். பளிங்கு மாதிரி இருந்தது.

பத்து மணிக்குத் திரும்பவும் இரைந்தது. போய்ப் பார்த்தால் என் பெட்டியில் ஒரு நிலத்து ஃபானின் பிளக்கைச் செருகியிருக்கிறார்கள். ஃபானுக்கு முன்னால் மார்க்கண்டர், நாகேஸ்வரியின் தமையன், இருந்தார். எழுபது வயது. அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. நான் பிளக்கைக் கழற்றினேன்.

"உதென்ன தியாகலிங்கம், எங்கடை வீட்டிலை நாங்கள் காத்து வாங்கக் கூடாதோ?"

"வாங்கலாம் அண்ணை. குசினிப் பிளக்கிலை வாங்குங்கோ. உந்தப் பெட்டியிலை ஃபான் சுத்தினா, மருமோள் கதைக்கேக்கை குளவிக்கூட்டுக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்கும்."

"அவள் இனிக் கதைச்சென்ன, கதையாமல் விட்டென்ன. உயிரோடை இருக்கேக்கை கேளாத காது."

ஆனாலும் எழும்பிப் போய் ஃபானைக் குசினிப் பக்கம் தள்ளி வைத்தார்.

பன்னிரண்டு மணியளவில் கிரியை முடிந்து ஐயர் வெளிக்கிட்டார். பெண்கள் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள். பிரேதப் பெட்டியில் கிடந்த நாகேஸ்வரியின் கால்மாட்டில் வைத்திருந்த ரீவியில் கஜானி தெரிந்தாள். அங்கே காலமை. யன்னலுக்கு வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை. வெள்ளைச் சேலை உடுத்து, கையில் ஒரு கடதாசியை மடித்து வைத்திருந்தாள். எழுதி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் பாவம்.

அவளுக்குச் சத்தம் போகிறதா என்று பார்க்க நான் மைக்கை எடுத்தேன். "பிள்ளை, நான் கதைக்கிறது கேக்குதோ?"

அவள் தலையை ஆட்டினாள். கையால் கண்ணைத் துடைத்து, கடதாசியை விரித்தாள்.

அப்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று. அதோடு தூறல். பந்தலுக்கு வெளியே பிரவீணன் ஏதோ பிளக்கை மாற்றுவதற்காகப் பெட்டியின் மூடியைத் திறந்துவைத்திருந்தான். உள்ளே இருநூற்று முப்பது வோல்ற், மேலே மழை, பக்கத்தில் நனைந்த சேலையோடு நாற்பது பெண்கள். எனக்கு முப்பத்துநாலு வருட உத்தியோகமும் ஒரேயடியாகத் தலைக்கு ஏறிவிட்டது.

"பெட்டியை மூடு" என்று கத்தினேன். "கெதியா மூடு."

மைக் கையில் இருந்தது. நான்கு ஸ்பீக்கரிலும் போனது. ஓர் இரைச்சல் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. அவ்வளவு சுத்தமான சத்தம் என் சீவியத்தில் நான் கேட்டதில்லை.

வெள்ளை வேட்டியோடு ஒரு நரைத்த மனிதன் மைக்கில் சொன்னால் செத்தவீட்டில் யார் ஏன் என்று கேட்பார்கள்? மூடியோடு காத்துநின்ற நான்குபேர் குனிந்தார்கள். பெண்கள் ஐயோவென்று விழுந்தார்கள். அந்த அழுகைக்குள் நான் "அதில்லை, அதில்லை" என்றது என் காதுக்கே கேட்கவில்லை. மரமூடி இறங்கி, ஆணி நான்கும் முறுக்கி முடிந்துவிட்டது.

ரீவியில் கஜானி விரித்த கடதாசியோடு அப்படியே இருந்தாள்.

ஜெயதீபன் ஈர வேட்டியோடு ஓடிவந்தான். "மாமா, திறக்கச் சொல்லுங்கோ. தங்கச்சி இன்னும் கதைக்கேல்லை."

மார்க்கண்டர் தலையை ஆட்டினார். "வாசலிலை மூடினதை வாசலிலை திறக்கிறேல்லை. இன்னொரு சாவைக் கூப்பிடுறதுக்கோ?"

"அப்ப சுடலையிலை திறக்கேக்கை?"

"அங்கை போனிலை முகத்தைக் காட்டு, நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா சுடலையிலை பொம்பிளைச் சத்தம் கேக்கக் கூடாது. பொம்பிளையள் வேலிப் படலை மட்டும்தான், அதுக்கு அங்காலை இல்லை."

நான் ரீவிக்கு முன்னால் போனேன். கஜானியின் குரல் மெதுவாக வந்தது. "மாமாதானே மூடச் சொன்னவர்?"

"இல்லைப் பிள்ளை. நான் சொன்னனான்."

"நீங்கள் ஆர்?"

"தியாகலிங்கம். கரண்ட்காரன். மழை வந்தது, கரண்ட் பெட்டியை மூடச் சொன்னனான். அவை மற்றப் பெட்டியை மூடிப்போட்டினம்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். ஒரேயொரு சிரிப்பு, மூக்கால் வெளிவந்தது. அது முடியமுதல் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். என்னைக் கெட்ட வார்த்தையால் ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

வெளியே தூக்குவதற்கு ஆயத்தம் நடந்தது. நான் மார்க்கண்டரிடம் போனேன். "அண்ணை, பொம்பிளையள் படலை மட்டும் வரலாம்தானே?"

"ஓம்."

"அப்ப உவளும் படலை மட்டும் வரட்டும்."

அவர் என்னைப் பார்த்தார், ரீவியைப் பார்த்தார். "படலை மட்டும்" என்றார். "ஒரு அடி கூட வரப்படாது."

பக்கத்துவீட்டுச் செபநாயகத்தின் மீன்வண்டில் வேலியோரம் நின்றது. பிரவீணனும் நானும் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கி அதில் வைத்தோம். யூபிஎஸ்ஸை நான் தனியாகத் தூக்கினேன். நூறு கிலோ இருக்கும். சரி, நாற்பது. அறுபத்தெட்டு வயதில் நாற்பதும் நூறுதான். ஸ்பீக்கரை யூபிஎஸ்ஸில் செருகி, பிரவீணனின் போனை வயரால் ஸ்பீக்கரோடு இணைத்து, நோர்வேக்கு எடுத்தோம். படம் இல்லை, குரல் மட்டும்.

"பிள்ளை, படலை மட்டும் போகலாம், இனிக் கதை. கொம்மாவுக்குப் பக்கத்திலைதான் வாறன்."

பந்தலில் இருந்து படலைக்கு முப்பது அடி. தூக்கினவர்களில் முன்னால் செபநாயகம். நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு மூடியோடு ஒட்டினமாதிரிப் போனேன். ஸ்பீக்கரில் முதலில் மூச்சு மட்டும் வந்தது. ஐந்தாறு அடி அந்த மூச்சிலேயே போய்விட்டது.

"காலைச் சுருக்குங்கோடா" என்றான் செபநாயகம், திரும்பிப் பாராமல். நான்குபேரும் சுருக்கினார்கள். அதற்குப்பிறகு அவர்கள் நடந்ததை நடை என்று சொல்லமாட்டேன். நின்ற இடத்தில் பாதத்தை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆமை ஒன்று அவர்களை முந்திச் சந்திக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கும்.

"அம்மா" என்றாள். "நான் கஜானி."

பறையடித்தவர்கள் கோலை இறக்கினார்கள்.

"எழுதி வைச்சனான். இப்ப வாசிக்க ஏலாமல் கிடக்கு." கடதாசி கசங்கிய சத்தம் கேட்டது. "நான் அண்ணையோடை கதைக்கேக்கை நீங்கள் பக்கத்திலை நிக்கிறது எனக்குத் தெரியும். உங்கடை செருமல் கேக்கும். போனை வாங்கமாட்டியள். ஆனா போகவும் மாட்டியள். அதுக்காகத்தான் அம்மா நான் நீட்டி நீட்டிக் கதைச்சனான். இஞ்சை பனி கொட்டினது, பஸ் பிந்தினது, கறிக்கு உப்புக் கூடினது. அண்ணைக்கு அது என்னத்துக்கு? அது எல்லாம் உங்களுக்கு."

ஜெயதீபன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்தவன் நின்றான். மார்க்கண்டர் அவன் முதுகில் கையை வைத்து நடத்தினார். அவரும் காலைச் சுருக்கித்தான் நடந்தார்.

படலை வந்துவிட்டது. செபநாயகம் என்னைத் திரும்பிப் பார்த்தான். எவ்வளவு சுருக்கினாலும் படலை ஓர் இடத்தில்தானே நிற்கும். நான் வண்டிலை நிறுத்தினேன். அவர்கள் தாண்டினார்கள். பறைச்சத்தம் தெருவுக்கு இறங்கியது. நான் போனைக் கையால் பொத்தி மார்போடு வைத்துக்கொண்டேன், அந்தச் சத்தம் தூரப்போகிறது அவளுக்குக் கேட்காதபடி.

கொஞ்சம் பொறுத்து அவள் கேட்டாள். "ஐயா, படலை வந்திட்டுதோ?"

நான் ஒழுங்கையைப் பார்த்தேன். கடைசி ஆளும் சந்தியில் திரும்பிவிட்டார்.

"இன்னும் இல்லைப் பிள்ளை" என்றேன். "மெல்லமாத்தான் போகினம். நீ கதை."

அவள் கதைத்தாள். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் விழுந்து பல் உடைத்ததை, வீட்டுக்காரன் பிட்டு அவிக்கப் பழகியதை, இரண்டு வருடத்துக்கு முந்தி ஆஸ்பத்திரியில் கிடந்ததை ஒருவருக்கும் சொல்லாமல் விட்டதை. வெறும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டிருந்தது. யூபிஎஸ் பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது.

"உது என்ன சத்தம் ஐயா?"

"ஒண்டுமில்லை. கரண்ட் குறையுது. இன்னும் கொஞ்சம் இருக்கு."

பிரேதம் போனதும் வீடு கழுவவேண்டும். படலைக்கு உள்ளே பெண்கள் வாளிகளோடு நின்றார்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை.