நெளிந்த ரிம்

வீட்டிலிருந்து உப்பளத்து வழியாகப் போனால் துறைமுகத்துக்குக் கால் மணி நேரம் மிச்சம். ஆனால் வழி நெடுக உடைமுள். வாரத்தில் இரண்டு நாளாவது பின்டயர் பஞ்சராகிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவேன். கேட்டில் மேஸ்திரி முதலில் வரும் பன்னிரண்டு பேரைத்தான் மூட்டை தூக்க எடுப்பார். எங்கள் தெரு இஞ்ஞாசி தினமும் அந்தப் பன்னிரண்டில் நிற்பான்.

அவனுக்கு மச்சான் வாங்கிக்கொடுத்த சைக்கிள். ட்யூப்லெஸ் டயர். உள்ளே பால் மாதிரி ஒரு மருந்து இருக்கும். முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

"இஞ்ஞாசிக்கு இந்த வாரம் ஆறு நாளும் வேலையாம்" என்பாள் என் வீட்டுக்காரி இசக்கிச்செல்வி. அதோடு எனக்குச் சோறு இறங்காது.

டேவிட்சனின் சைக்கிள் கடையில் ட்யூப்லெஸ் டயரோடு ஒரு பழைய சக்கரம் கிடந்தது. ரிம் ஓரத்தில் ஒரு நெளிசல்.

"நெளிசல் வழியா காத்து போயிரும் அண்ணாச்சி. உள்ள ட்யூபப் போட்டு ஓட்டுங்க."

"இஞ்ஞாசிக்கு நிக்கிற காத்து எனக்கு நிக்காதோ?"

சக்கரத்தை வாங்கி வந்தேன். ஃபைபர் வள்ளத்தில் ஓட்டை அடைக்கிற பிசினைக் கரையில் கேட்டு வாங்கி, நெளிசலில் பூசினேன். காய்ந்து கல்லானது. கடல் தண்ணீரையே தடுக்கிற பிசின். பின்சக்கரமாக மாட்டி, பால் மருந்தும் ஊற்றிக் காற்றடித்தேன். காற்றும் நின்றது.

மறுநாள் ஒரு முள்ளும் என்னை ஒன்றும் செய்யவில்லை. துறைமுக ரோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால், இஞ்ஞாசி பின்னால் வந்துகொண்டிருந்தான். அவன் முகம் எப்படி இருக்கிறதென்று பார்க்க இன்னொரு தடவை திரும்பினேன். குறுக்கே கிடந்த தண்டவாளத்தைப் பார்க்கவில்லை.

டொக்கென்று ஓர் அடி. பிசின் சில்லுச் சில்லாய் உடைந்து, காற்று புஸ்ஸென்று போய், பால் கைலியெல்லாம் தெறித்தது.

இஞ்ஞாசி இறங்கினான். "என்னலே, காலையிலேயே எருமை கறந்தியா?" பையிலிருந்து ட்யூபும் பம்பும் எடுத்து நீட்டினான்.

"ஒனக்கு எதுக்குலே ட்யூபு?"

"இதே தண்டவாளத்துல என் ரிம்மும் நெளிஞ்சு மூணு மாசமாவுது. டேவிட்சன் சொன்னாம்னு ட்யூப மாட்டிட்டேன். முள்ளுக்குப் பயந்து ரோட்டு வழியா சுத்தி வாரேன். நாலரைக்கே எந்திரிக்கணும், வேற என்ன? நீ மாட்டிட்டு வா. நான் நின்னா ரெண்டு பேருக்கும் போச்சு."

நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பேரும் உள்ளே போயிருந்தார்கள்.

ஏமாற்றிவிட்டான் என்று வைய வாய் வந்தது. ஆனால் ட்யூப்லெஸ் என்று அவன் ஒருநாளும் பெருமையடித்ததில்லை. டயரில் போட்டிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்து ஊரெல்லாம் சொன்னவன் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் இசக்கிச்செல்வியிடம் அலாரத்தை நாலேகாலுக்கு வைக்கச் சொன்னேன்.