வாசல் உப்பு

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் அனுப்பியிருந்த மலர்வளையத்தைத் தேசோக் ஆஸ்பத்திரிச் சாவு மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். ஆளுயரம், வெள்ளைச் சாமந்தி, மூன்று அடுக்கு. தள்ளியதில் அது ஒருமுறை ஆடி நின்றது. அந்த இடத்துக்குக் கூட்டமைப்புத் தலைவரின் மலர்வளையத்தை நகர்த்தி, பெயரும் பதவியும் எழுதிய ரிப்பனைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டான். மாநகர மின்தூக்கிப் பாதுகாப்பு மேம்பாட்டுக் கூட்டமைப்பில் அவன் மூன்றாவது துணைத் தலைவர். மொத்தம் எத்தனை துணைத் தலைவர்கள் என்று வீட்டில் யாரும் அவனைக் கேட்டதில்லை.

அப்பாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த தங்கை ஹேரான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியில் துக்கத்துக்கான வெள்ளை நாடா. படத்தில் அப்பா முகத்தில் சிரிப்பும் இல்லை, சோகமும் இல்லை. முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர். அந்தப் படத்திலும் எதையோ படித்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருப்பவர் போலத்தான் இருந்தார்.

அவர் வியாழக்கிழமை மதியம் ஆற்றங்கரைப் பூங்காவில், விரித்த பாயில், கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக இறந்துபோனார். தூங்குகிறார் என்று நினைத்து, பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் வெகு நேரம் எழுப்பவில்லை.

ஆற்றங்கரையில் ஏன் என்று அண்ணன் கேட்டபோது ஹேரான் பாதி உண்மையைச் சொன்னாள். சாவு வீட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தால் ஏதாவது ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும். அதனால் வழியில் எங்காவது உட்கார்ந்துவிட்டு வருவது எல்லாருக்கும் வழக்கம். அப்பா ஆற்றங்கரையில் உட்காருவார். யார் சாவுக்குப் போனார் என்றதற்கு அம்மா பதில் சொன்னாள்: நோ ஜோங்பில், பழைய சிநேகிதர்.

அது தேசோக்குக்குப் போதும். ஒரு மணி நேரத்துக்குள் அப்பாவின் போனிலிருந்த எல்லா எண்களுக்கும் செய்தி போய்விட்டது. 'உயிர் நண்பர் அமரர் நோ ஜோங்பில் அவர்களுக்கு இறுதி மரியாதை செலுத்தித் திரும்பும் வழியில், நட்பின் கடமையை நிறைவேற்றிய நிலையில், எம் தந்தையார் மா காப்சிக் அவர்கள் இயற்கை எய்தினார்.' செய்தியின் அடியில் தந்தையாரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் மூன்றாவது துணைத் தலைவரின் பெயர் இருந்தது.

மீதிப் பாதி ஹேரானுக்கு மட்டும்தான் தெரியும். பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவள் அவள். போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கூட வேலை செய்கிறவர்களோடு சாப்பிட ஆற்றங்கரைக்குப் போயிருந்தாள். வெள்ளிநிறப் பாயில், கறுப்புக் கோட்டில், ஷூக்களைக் கழற்றி ஜோடியாக ஆற்றைப் பார்த்து வைத்துவிட்டு, அலுமினியத் தட்டில் ராம்யன் நூடுல்ஸ் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் அப்பா. காலையில்தான் அம்மா போனில் சொல்லியிருந்தாள், சுங் ஊசான் போய்விட்டாராம், அப்பா அங்கே போயிருக்கிறார் என்று. அப்பா மகளைப் பார்த்துச் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"இன்னிக்குச் செத்தது யாருன்னு மட்டும் கேக்காதம்மா."

அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். மூன்று வருடமாக, மாதம் ஒரு சாவு. அவருடைய சிநேகிதர்களில் பாதிப் பேரை ஏற்கெனவே அனுப்பிவிட்டார். முகம் மறந்துபோனவர்களை முதலில் அனுப்பினார், பிறகு வேண்டியவர்களில் கை வைக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டில் இரண்டே அறை. ரத்த அழுத்தம் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து அம்மா சூப்பில் உப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. ஓய்வு பெற்றவருக்குத் தனியாக வெளியே போக வேறு என்ன காரணம் இருக்கிறது, சாவைத் தவிர?

"அம்மா நல்லவதான். ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். அவகிட்ட சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றாள். அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த வாக்குதான் இப்போது மடியில் கட்டிய நெருப்பாக இருந்தது. நாற்பத்தேழு வருடம் கூட வாழ்ந்த மனுஷன், தன்னிடமிருந்து இரண்டு மணி நேரம் தப்பிக்க ஆட்களைச் சாகடித்தார் என்று அம்மாவுக்குத் தெரியக் கூடாது. இன்னும் ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும்.

இரண்டாம் நாள் நண்பகலில் ஒரு கிழவர் வந்தார். சாம்பிராணிக் குச்சி ஏற்றினார், படத்துக்கு இரண்டு முறை விழுந்து வணங்கினார். கருமகர்த்தா என்ற முறையில் தேசோக் துக்கக் கைப்பட்டையைச் சரிசெய்துகொண்டு எதிர் வணக்கம் போட்டான். எழுந்ததும், மறைந்த அப்பாவோடு எப்படிப் பழக்கம் என்று விசாரித்தான்.

"நான்தான் தம்பி, நோ ஜோங்பில்," என்றார் அவர். "நான் செத்தது எனக்கே வியாழக்கிழமை சாயந்தரம் உன் மெசேஜ்லதான் தெரிஞ்சுது."

துணைத் தலைவர்களுக்கென்று இருக்கும் சொற்களில் இதற்கு எதுவும் பொருந்தவில்லை போலிருக்கிறது. தேசோக்குக்கு என்ன தோன்றியதோ, இன்னொரு முறை விழுந்து வணங்கினான். உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, செத்தவருக்கு இரண்டு என்பது கணக்கு. இப்போது அவருக்கு இரண்டாகிவிட்டது.

ஹேரான் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவுவதை நிறுத்தவில்லை.

"வாங்க தம்பி. சூப் சூடா இருக்கு, சாப்ட்டுட்டுப் போங்க."

"சரிங்க அண்ணி."

"சுங் ஊசான் எப்படி இருக்கார்? அவர் போய் ஆறு மாசம் ஆச்சே."

நோ ஜோங்பில் படத்தைப் பார்த்தார். தண்ணீர் மீட்டர் படித்தவர் முகத்தில் எந்தத் துப்பும் கிடைக்கவில்லை.

"நல்லா இருக்கார் அண்ணி. இடுப்பு வலிதான் கொஞ்சம். சாயந்தரம் வரேன்னு சொன்னார்."

"வரட்டும்," என்றாள் அம்மா. "இன்னும் நாலு பேருக்குச் சேத்து சோறு வைக்கச் சொல்லு ஹேரான்."

மாலைக்குள் ஐந்து பேர் வந்தார்கள். அத்தனை பேரும் அப்பாவால் அடக்கம் செய்யப்பட்டவர்கள். மூலை மேசையில் உட்கார்ந்து, சிவப்பு மாட்டிறைச்சி சூப்பும் சோஜுச் சாராயமும் குடித்து, யார் எப்போது எந்த நோயில் செத்தோம் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். காப்சிக் தனக்கு மட்டும் வெறும் அஜீரணத்தில் சாவு கொடுத்திருக்கிறான் என்று சுங் ஊசானுக்கு மனத்தாங்கல். தேசோக் மட்டும் கூட்டமைப்புக்காரர்கள் வரும்போதெல்லாம் அந்த மேசையை மறைத்தபடி போய் நின்றான்.

மூன்றாம் நாள் தகன நிலையத்தில் எல்லாம் முடிந்து, சாம்பல் கலசத்தை மாடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அண்ணனுக்கு அவசர வேலை. நன்றிக் கடிதங்களைத் தலைவரிலிருந்து தொடங்கி வரிசையாக அனுப்ப வேண்டும். ஹேரான் காரைக் கிளப்பினாள்.

"நேரா வீட்டுக்குப் போகக் கூடாது," என்றாள் அம்மா. "ஆத்தங்கரைக்குப் போ."

வசந்தகாலச் சனிக்கிழமை. புல்வெளி முழுக்கக் கூடாரங்கள், கோழிவறுவல் டப்பாக்கள், சைக்கிள்கள். பூங்கா விதிப்படி கூடாரத்தில் இரண்டு பக்கமாவது திறந்து வைக்கும்படி ஒலிபெருக்கி மன்றாடிக்கொண்டிருந்தது. யாரும் திறப்பதாகத் தெரியவில்லை. அம்மா கறுப்புப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள். கடையில் ராம்யன் இரண்டு எடுத்தாள். அலுமினியத் தட்டை ராம்யன் வேகவைக்கும் இயந்திரத்தில் எந்த ஓரத்தில் வைத்து எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஹேரான் சொல்லிக்கொடுக்கப் போனாள். அம்மா அதற்குள் அழுத்திவிட்டிருந்தாள்.

வாடகைப் பாயை விரித்தார்கள். அம்மா ஷூக்களைக் கழற்றி ஜோடியாக வைத்தாள், ஆற்றைப் பார்த்து.

"உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்மா?"

"ரெண்டாவது சாவுலேருந்து." அம்மா நூடுல்ஸை ஊதினாள். "ஆஸ்பத்திரி சாவு மண்டபத்துல ஏதுடி புல்லு? பேன்ட் பூரா புல்லு. கோட்டுல ராம்யன் வாசனை."

"ஏன் கேக்கல?"

"கேட்டா வீட்டுலயே இருந்திருப்பார்."

ஒரு படகு போயிற்று. அலை கரைக்கு வந்து சேர வெகு நேரம் ஆனது. ஒவ்வொரு முறையும் அப்பா திரும்பி வரும்போது அம்மா வாசலில் கல்லுப்போடு நிற்பாள் என்பது ஹேரானுக்கு நினைவு வந்தது. கதவைத் தாண்டுமுன் அவர் தோளிலும் காலடியிலும் வீசி, ஒட்டிக்கொண்டு வந்ததைப் போகச் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்காக நிற்பார். அந்த வீட்டில் உப்பு இருந்ததே அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"சப்புன்னு இருக்கு. இதுக்கா வந்தார்?"

ராம்யனில் உப்பு குறைவு என்று உலகத்தில் யாரும் சொல்லி ஹேரான் கேட்டதில்லை. எழுந்திருப்போமா என்றாள். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரம் ஆகல இன்னும்."

பிறகு கைப்பையைத் திறந்து, வீட்டு வாசலுக்கென்று கொண்டுவந்திருந்த பொட்டலத்தை எடுத்து, ரப்பர் பேண்டை அவிழ்த்தாள். ஒரு சிட்டிகை தட்டில் போட்டாள். இன்னொரு சிட்டிகைக்குக் கையைத் தூக்கியபோது ஆற்றுக் காற்று அடித்தது. உப்புக்கல் நாலைந்து அவள் தோளிலும் கறுப்பு மடியிலும் விழுந்தன. அம்மா அவற்றைத் தட்டிவிடவில்லை. சூப்பைக் கலக்கிக் குடிக்க ஆரம்பித்தாள்.