வீட்டுக்காரருக்குக் காளான் ஆகாது

"எத்தனை பேரும்மா?"

"ஒருத்திதான்."

போனின் அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அதே குரல், தேன் தடவினாற்போல, "மன்னிச்சுக்கணும், அந்தத் தேதியில எல்லா அறையும் நிரம்பிடுச்சு" என்றது. மினேகோ இன்னும் தேதியே சொல்லியிருக்கவில்லை.

அது மூன்றாவது விடுதி. மினேகோ செகிகுச்சி போனை வைத்துவிட்டு மலை வரைபடத்தை மடித்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கவாகோயே ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றின் வரவேற்பு மேஜையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் அவளும் சுவர்க்கடிகாரமும்தான். இந்தக் குளிர்காலத்தில் நாகானோ மலைப்பக்கம் போய் ஒரு ராத்திரி தங்கி, பனியைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வரவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆகாசத்தையா கேட்டாள்?

ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு அவளுக்கு வேண்டாம். பழைய கம்பெனியில் வேலை பார்த்த நாட்களில் வருஷாவருஷம் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி ஸ்கீக்குக் கூட்டிப்போவார்கள். மினேகோ விழுவாள், எழுவாள், மறுபடி விழுவாள். கடைசியில், "செகிகுச்சி-சான், நீங்க சாமானைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் மேலே போய்விடுவார்கள். அவள் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் தெரியாத விஷயம், அந்த நேரம்தான் அவளுக்குப் பிடித்த நேரம். அதை இந்தத் தடவை பைகள் இல்லாமல், அடுத்தவர் தயவில்லாமல் அனுபவிக்க ஆசைப்பட்டாள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேஜை ஹோனமியிடம் வாய்விட்டுவிட்டாள். ஹோனமிக்கு இவளில் பாதி வயது, இரண்டு மடங்கு வாய்.

"யார் கூடப் போறீங்க?"

"தனியா."

"ஸ்கீ பண்ணுவீங்களா?"

"மாட்டேன்."

ஹோனமி சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். "பனிக்காலத்துல, மலைக்கு, தனியா, ஸ்கீயும் இல்லாம! ஏன் ரூம் தருவாங்க? பயந்து சாவாங்க."

"என்னைப் பாத்தா பயமாவா இருக்கு?"

"உங்களைப் பாத்து இல்லை. மேல ஏறிப் போறவங்க இறங்கி வராமலே போயிட்டா? அந்த மாதிரி எத்தனை பாத்திருப்பாங்க. ஒண்டியா ஒரு பொம்பளை வந்தாலே அவங்களுக்கு அந்த நினைப்புதான் வரும். பேசாம ரெண்டு பேருன்னு சொல்லிடுங்க. போற அன்னிக்கு, அவருக்குக் காய்ச்சல், வரலைன்னு சொன்னா முடிஞ்சுது."

"எவருக்கு?"

"உங்க வீட்டுக்காரருக்கு," என்று ஹோனமி கண்ணைச் சிமிட்டினாள்.

மினேகோவுக்குச் சாகும் எண்ணம் எள்ளளவும் கிடையாது. ஆனால் தனியாக இருப்பதைச் சாவுக்கு ஒரு படி கீழே வைத்திருக்கிறார்களே என்று நெஞ்சு கொதித்தது. அன்று மாலை அந்தக் கொதிப்போடுதான் நாலாவது விடுதிக்குப் போன் போட்டாள். ஒகுசவா என்ற சின்ன வெந்நீரூற்று ஊரில் கோமெயா விடுதி. புருஷன், பெண்டாட்டி இருவர் மட்டும் நடத்துவது.

"எத்தனை பேரும்மா?" என்று விடுதிக்காரம்மா கேட்டாள்.

"ரெண்டு பேர். நானும்... வீட்டுக்காரரும்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். மினேகோ ஒரே பொய்யில் முடித்துவிட்டாள்.

"ரொம்பச் சந்தோஷம்மா! ஐயா பேரு?"

"இசாமு," என்றது வாய். பழைய கம்பெனியில் ஒரே ஒரு தடவை, பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சூடாக ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து கொடுத்தவன் பெயர் அது. அவன் வேறு யாரையோ கட்டிக்கொண்டு ஒசாகா போய்விட்டான்.

"உயரமா இருப்பாரா? விடுதியில உடுத்திக்க நாங்களே துணி எடுத்து வைக்கணும், அதான்."

"நடுத்தரமா இருப்பார்."

"ஸ்கீ சாமான் வைக்க இடம் வேணுமா?"

"முழங்கால் சரியில்லை அவருக்கு. சும்மா பனி பாக்கத்தான் வர்றோம்."

"வயசானா அதுதாம்மா சுகம். சாப்பாட்டுல ஆகாதது ஏதாச்சும் உண்டா?"

மினேகோவுக்குக் காளான் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அதன் வாசனை மூக்கில் பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனால் தனக்கென்று ஒன்றைக் கேட்க அவளுக்கு என்றைக்கும் நா எழுந்ததில்லை. அடுத்தவருக்கென்றால் எழும்.

"வீட்டுக்காரருக்குக் காளான் ஆகாது," என்றாள்.

"உங்களுக்கு?"

"நான் எதுவும் சாப்பிடுவேன்."

விடுதிக்காரம்மா வீட்டுப் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். ஐயாவுக்கு உமித் தலையணையா, பஞ்சுத் தலையணையா? அடுத்த வாரம் இன்னொரு தடவை. முழங்காலுக்குக் கீழ்த்தள அறை வசதிப்படுமா? மினேகோ ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, இல்லாத மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்தான். உமித் தலையணையில் குறட்டை விட்டான். படியேற முனகினான். வழுக்காத பனிச்சப்பாத்து வாங்கப் போன கடையில் அவள் கால் தானாக ஆண்கள் பக்கம் நடந்தது. ஒரு ஜோடியைக் கையில்கூட எடுத்துவிட்டாள். சட்டென்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. சப்பாத்தைத் திரும்ப வைத்துவிட்டு, தன்னுடையதை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பயண நாளில் பஸ் முழுக்க ஸ்கீக்காரர்கள். அவர்களெல்லாம் ஸ்கீ சரிவில் இறங்கிக்கொள்ள, ஒகுசவாவில் இறங்கியவள் இவள் ஒருத்திதான். காய்ச்சல், வரவில்லை, மன்னிக்கணும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். ஆனால் விடுதி வாசலில் மை காயாத பலகை ஒன்று நின்றது. 'செகிகுச்சி தம்பதியர் வருக' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு ஜோடிச் செருப்புகள், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, அருகருகே. குட்டையும் உருண்டையுமான விடுதிக்காரம்மா குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்து, மினேகோவின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்ததும் மனப்பாடம் மறந்துபோயிற்று.

"பின்னால... சாயங்கால வண்டியில வர்றார்," என்றாள் மினேகோ.

கெட்டது குடி. சாயங்காலம் பனி கொட்டத் தொடங்கிற்று. அறை ஜன்னலில் உட்கார்ந்து, இதற்காகத்தானே வந்தோம் என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வாசல் பக்கம் சங்கிலிச் சத்தம் கேட்டது. விடுதிக்காரர் வேனின் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய மனுஷன். விரல்கள் சிவந்து விறைத்திருந்தன.

மினேகோ வெளியே ஓடினாள். "எங்க போறீங்க?"

"ஸ்டேஷனுக்குத்தான். பஸ்ஸை நிறுத்திட்டாங்க. ஐயா அங்க நின்னு திண்டாடுவாரே! முழங்கால் வேற சரியில்லைங்கறீங்க."

அந்த மலைப்பாதையில், அந்தப் பனியில், பிறக்காத மனுஷனை அழைத்துவர ஒரு கிழவர் போகப்போகிறார். மினேகோவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"போகாதீங்க. அவர் வரமாட்டார்."

"போன் வந்துதா?"

"இல்லை. எனக்கு முன்னாடியே தெரியும். வரமாட்டார்."

அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை. வாசலில் நின்ற விடுதிக்காரம்மா புருஷனைப் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு சங்கிலியைக் கழற்றினார். பெரிய செருப்பு வாசலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

சாப்பாடு ஒரு தட்டாக வந்தது. வீட்டுக்காரருக்கென்று காளான் போடாமல் செய்தது அடுக்களையிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு வந்த மண்சட்டியில் நாலு வகைக் காளான் கொதித்துக்கொண்டிருந்தது. விடுதிக்காரம்மா எதிரே உட்கார்ந்து, "சாப்பிடுங்கம்மா, மனசு சரியில்லைன்னா வயித்தையாவது பாத்துக்கணும்" என்றாள். அந்தக் கண்களுக்கு முன்னால் எப்படி ஒதுக்குவது? மினேகோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கினாள். சட்டி காலியாயிற்று.

அப்புறம் ஆரம்பித்தது காவல். டீ வந்தது. ஆரஞ்சு வந்தது. வெந்நீர்ப்பை வந்தது. ஒவ்வொன்றோடும் விடுதிக்காரம்மாவின் தலையும் வந்தது. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே, "அம்மா, தண்ணி சூடு போதுமா?" பதில் வர ஒரு கணம் தாமதித்தால், "அம்மா?" குளித்துவிட்டுத் திரும்பும்போது அவள் முன்மேஜையில் போனைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ பவ்யமாகக் குனிந்து குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். எந்த விருந்தாளியோ என்று மினேகோ நினைத்துக்கொண்டாள்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்தாள். ஒரு வளைவைத் தாண்டியதும் எந்தச் சத்தமும் இல்லை. கிளையிலிருந்து பனி சரிந்து விழுவது மட்டும் எப்போதாவது. மினேகோ அசையாமல் நின்றாள். இத்தனை வெள்ளை, இத்தனை அமைதி. பார்த்தாயா என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினாள். திரும்பியபிறகுதான் யாரும் இல்லை என்பது உறைத்தது.

யாரும் இல்லாமலும் இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் விடுதிக்காரர் மண்வாரியோடு நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பாதையை மும்முரமாக வழித்துக்கொண்டிருந்தார்.

"இங்கயும் வழிக்கணுமா?" என்று மினேகோ கேட்டாள்.

"கால் வழுக்கும்மா," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "போலாமா? டீ ஆறிடும்."

தன்னைப் பின்தொடர்ந்து ஒருத்தர் வந்து எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தாள். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று நாக்கின் நுனிவரை வந்தது. இரண்டு பேருக்கான பணத்தைக் கட்டியபோதும் வந்தது. பஸ் ஏறும்போது விடுதிக்காரம்மா கீரை ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றை அவள் கையில் திணித்தாள். "ஐயாவுக்கும் குடுங்க. கோவத்தை மறந்துடுங்க." சொல்லவந்ததை மென்று விழுங்கினாள். பஸ் கிளம்பிவிட்டது.

கவாகோயே வந்தபோது இருட்டியிருந்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். சப்பாத்தைக் கழற்றும்போதே "வந்துட்டேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். உள்ளேயிருந்து "வந்துட்டியா" என்று பதில் வரும். அம்மா போனபிறகு மினேகோ அதை விட்டுவிட்டாள். கடிகாரத்திடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆள் இல்லாதபோது கூப்பிட்டவர் பேச்சைப் பதிந்துவைக்கும் போன் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"செகிகுச்சி ஐயாவுக்கு வணக்கம். கோமெயா விடுதியிலேர்ந்து பேசறேன். அதிகப்பிரசங்கின்னு நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டம்மா பத்திரமா வந்து சேர்ந்தாங்க. ஒரு பருக்கை மீதி வைக்காம சாப்பிட்டாங்க. இப்ப குளிக்கப் போயிருக்காங்க, அதான் சட்டுனு கூப்பிட்டேன். உங்களுக்குள்ள என்ன மனஸ்தாபமோ, எனக்குத் தெரியாது. ஆனா ஐயா, அவங்க ஜன்னல் பக்கம் உக்காந்திருந்ததைப் பாத்து எனக்குத் தாங்கலை. நாளைக்கு வீட்டுக்கு வந்ததும் 'வந்துட்டியா'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வேற ஒண்ணும் வேணாம். அது போதும்."

மினேகோ கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா போனபோதுகூட அப்படி அழுததில்லை. அழுது ஓய்ந்தபின் மூக்கைத் துடைத்துக்கொண்டு கோமெயாவுக்குப் போன் போட்டாள்.

"அடுத்த குளிர்காலத்துக்கு ஓர் அறை வேணும். கவாகோயே செகிகுச்சி பேசறேன்."

"அட, நீங்களா! சமாதானம் ஆயிடுச்சா? ரெண்டு பேருதானே?"

"ஒருத்தி," என்றாள் மினேகோ. "எனக்கு வீட்டுக்காரர்னு யாரும் கிடையாதும்மா. எப்பவும் இருந்ததில்லை. ஒருத்தின்னு சொன்னா அறை தரமாட்டேங்கறாங்க, அதனால சொன்ன பொய். இந்தக் குளிருல பெரியவரை அலையவிடப் பாத்தேன். மன்னிச்சுக்கங்க. நான் சும்மா பனி பாக்கத்தான் வந்தேன். வேற எதுக்கும் இல்லை."

அந்தப் பக்கம் பேச்சில்லை. மினேகோவுக்குப் பழகிப்போன மௌனம் அது. தேன் தடவிய பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"அப்ப," என்று விடுதிக்காரம்மா மெதுவாகக் கேட்டாள், "காளான் ஆகாதது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அடக் கடவுளே! சட்டி காலியா வந்துச்சே!"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கினேன்."

"நான் வேற எதிர்ல உக்காந்து 'சாப்பிடுங்க, சாப்பிடுங்க'ன்னு உயிரை வாங்கினேனே!" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. போனைக் கையால் மூடாமலே உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஏங்க! எழுதிக்குங்க. அடுத்த குளிர்காலம், செகிகுச்சி-சான். ஒரு ஆளு. காளான் கூடாது!"

மினேகோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும்," என்றது குரல், பக்கத்தில் வந்து. "வழியில பனி அதிகமா? வீட்டுக்கு வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்," என்றாள் மினேகோ.